எளிதில் எடுக்க வராத பித்தநாளக் கற்கள்: எண்டோஸ்கோபி சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“கல் பெரிதாக இருக்கிறது. இன்று முழுவதும் எடுக்க முடியவில்லை. ஸ்டென்ட் வைத்திருக்கிறோம்.” ஈஆர்சிபி (வாய் வழியாக எண்டோஸ்கோப் செலுத்திப் பித்தநாளத்துக்குச் செய்யும் சிகிச்சை) அறை வாசலில் மருத்துவர் இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார். ஸ்டென்ட் என்பது பித்தநீர் வடிய நாளத்துக்குள் வைக்கும் சிறு குழாய். கேள்விகள் அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக வரும். அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறோம். எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதை அவருடைய ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்தவர்தான் முடிவு செய்ய முடியும். அந்த உரையாடலுக்குத் தயாராகப் போக இந்தப் பக்கம் உதவும்.

பித்தப்பைக் கல்லும் பித்தநாளக் கல்லும் வேறு வேறா?

கல் ஒன்றாகவே இருக்கலாம். இருக்கும் இடம் வேறு, அதனால் ஆபத்தும் வேறு. ஈரலில் சுரக்கும் பித்தநீர் பித்தநாளம் வழியாக முன்சிறுகுடலுக்கு இறங்குகிறது. அந்த நாளத்தின் பக்கவாட்டில் இணைந்திருக்கும் பைதான் பித்தப்பை. பெரும்பாலான கற்கள் பையில் உருவாகின்றன. சில நழுவி நாளத்துக்குள் வந்துவிடுகின்றன. பித்தப்பைக் கல் உள்ளவர்களில் ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம் பேருக்கு நாளத்திலும் கல் இருக்கிறது. நாளத்திலேயே உருவாகும் கற்களும் உண்டு. பித்தநீர் தேங்கி, அதில் கிருமிகள் பெருகும்போது உண்டாகும் பழுப்புக் கற்கள் அவை. தொட்டால் உதிரும் தன்மை கொண்டவை.

பித்தப்பையில் ஒரு கல் ஆண்டுக்கணக்கில் தொல்லை தராமல் கிடக்கலாம். நாளம் அப்படியல்ல. சாதாரணமாக 6, 7 மி.மீ. அகலமே உள்ள குழாய் அது. அதன் கடைவாயில் கணையக் குழாயும் வந்து சேர்கிறது. அந்த இடத்தில் கல் அடைத்தால் மஞ்சள் காமாலை, பித்தநாளத் தொற்று, கணைய அழற்சி ஆகிய மூன்றில் எதுவும் வரலாம்.

எந்தக் கல்லை ‘எடுக்கக் கடினமானது’ என்கிறார்கள்?

கல் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பது இதில் ஒரு சிறு பகுதிதான். வழக்கமான கருவிகளால் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்குக் கல் வெளியே வந்துவிடுகிறது. மீதமுள்ளவர்களுக்கு வராமல் போவதற்குக் காரணங்கள் பல.

முதலாவது அளவு. 15 மி.மீ.க்கு மேல் குறுக்களவு உள்ள கல் என்றாலே மருத்துவர் மாற்று ஏற்பாட்டோடுதான் உள்ளே போவார். அடுத்தது வடிவமும் எண்ணிக்கையும்: நாளத்தை அடைத்தபடி பீப்பாய் வடிவில் வளர்ந்த கல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கற்கள், சுவரோடு இறுகிச் சிக்கிய கல். இவற்றைச் சுற்றி, கல்லைப் பிடிக்கும் கம்பிக்கூடையை விரிக்கவே இடமிருக்காது. மூன்றாவது, கல்லைவிட வழி மோசமாக இருப்பது. நாளத்தின் கீழ்ப்பகுதி குறுகியிருந்தாலோ கூர்மையாக வளைந்திருந்தாலோ நடுத்தர அளவுக் கல்லும் இறங்காது. ஈரலுக்குள் உள்ள கிளைகளில் தங்கிய கல், பித்தப்பைக் குழாயில் சிக்கி நாளத்தை வெளியிலிருந்து அழுத்தும் கல், முன்பு நடந்த இரைப்பை அறுவை சிகிச்சையால் பாதையே மாறிப்போன வயிறு ஆகியவை எல்லாம் இதே பட்டியலில்தான் வருகின்றன.

அதனால் “என் கல் எத்தனை மில்லிமீட்டர்?” என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். “கல்லுக்குக் கீழே நாளம் எவ்வளவு அகலம்?” என்றும் கேளுங்கள். பல நேரங்களில் அந்த இரண்டாவது எண்தான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது.

இப்போது வலியே இல்லை. அப்படியே விட்டுவிடக் கூடாதா?

பித்தப்பைக் கல்லுக்கு அந்த வாதம் ஓரளவு எடுபடும். நாளக் கல்லுக்கு எடுபடாது. ஐரோப்பிய இரைப்பைக்குடல் எண்டோஸ்கோபி சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடல் தாங்குமானால் நாளக் கல்லை எடுக்கப் பரிந்துரைக்கிறது. அடுத்த அடைப்பு எப்போது வரும் என்று யாராலும் கணிக்க முடியாது. அது நள்ளிரவில் கடும் தொற்றோடு வந்தால், திட்டமிட்டுச் செய்திருக்கக்கூடிய சிகிச்சையை அவசரமாகச் செய்ய வேண்டியிருக்கும்.

மருந்தால் கரைக்க முடியாதா?

நாளத்துக் கல்லை நம்பகமாகக் கரைக்கும் மாத்திரை எதுவும் இல்லை. உர்சோடியாக்சிகோலிக் அமிலம் பித்தப்பையில் உள்ள சிறிய கொழுப்புக் கற்களில் சிலவற்றைக் கரைக்கக்கூடும். நாளத்துப் பெரிய கற்களில் அதன் பயன் நிரூபணமாகவில்லை. கல்லைக் கரைப்பதாகச் சொல்லும் சாறுகளும் எண்ணெய்க் கலவைகளும் அடைப்பை நீக்குவதில்லை. அவற்றைக் குடித்துக்கொண்டே நாள் கடத்துவதுதான் உண்மையான கேடு.

ஈஆர்சிபி என்றால் என்ன? வயிற்றைக் கிழிப்பார்களா?

கிழிப்பதில்லை. பக்கவாட்டில் பார்க்கும் கேமரா பொருத்திய எண்டோஸ்கோப்பை வாய் வழியாக முன்சிறுகுடல் வரை செலுத்துவார்கள். பித்தநாளம் குடலில் திறக்கும் இடம் ஒரு சிறு மொட்டுப்போல் தெரியும். அதன் வாய்க்குள் மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரேயில் தெரியும் சாய மருந்தைச் செலுத்தினால், நாளமும் அதற்குள் உள்ள கல்லும் திரையில் நிழலாகத் தெரியும். இந்த வாயில் குழாய் நுழைத்துச் சாயம் செலுத்திய முதல் அனுபவத்தை அமெரிக்காவின் வில்லியம் மெக்கூன் குழு 1968இல் வெளியிட்டது. அப்போது அது நோயைக் கண்டறியும் முறை மட்டுமே. 1974இல் ஜெர்மனியில் கிளாசனும் டெம்லிங்கும், ஜப்பானில் கவாயும் தனித்தனியே அந்த வாயின் சுருக்குத்தசையை மின்கம்பியால் வெட்டித் திறந்து காட்டினார்கள். சிகிச்சையாக ஈஆர்சிபியின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

இப்போது நோயைக் கண்டறிய மட்டும் ஈஆர்சிபி செய்வது கிட்டத்தட்ட இல்லை. எம்ஆர்சிபி ஸ்கேனும் (பித்தநாளத்தைக் காட்டும் எம்ஆர்ஐ) எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்டும் அந்த வேலையை மிகக் குறைந்த ஆபத்தோடு செய்கின்றன. சாதாரண வயிற்று அல்ட்ராசவுண்டில் நாளத்தின் கீழ்முனை குடல் வாயுவால் மறைந்துபோவதுண்டு. அதனால் அந்த அறிக்கையில் கல் தெரியவில்லை என்றால் கல் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

வழக்கமான முறையில் கல்லை எப்படி எடுக்கிறார்கள்?

நாளத்தின் வாயை வெட்டித் திறந்தபின் இரண்டு கருவிகள். ஒன்று, கல்லுக்கு மேலே கொண்டுபோய் ஊதி, கல்லைக் கீழ்நோக்கி இழுத்துவரும் சிறு பலூன். மற்றொன்று, கல்லைச் சுற்றி விரிந்து பிடிக்கும் கம்பிக்கூடை. கல் சிறியதாக இருந்தால் அதோடு வேலை முடிந்தது. இந்தப் பக்கத்தின் மற்ற கேள்விகள் எல்லாம், அப்படி முடியாதபோது என்ன என்பதைப் பற்றியவை.

பெரிய பலூன் வைத்து விரிப்பதாகச் சொன்னார்கள். நாளம் கிழிந்துவிடாதா?

நியாயமான பயம். கடினமான கல்லுக்கு இன்று பெரும்பாலும் முதலில் கையாளும் முறை இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

சுருக்குத்தசையை முழு நீளத்துக்கு வெட்டினால் ரத்தக்கசிவும் துளை விழுவதும் கூடும். வெட்டாமல் பலூனால் மட்டும் விரித்தால், பக்கத்திலேயே திறக்கும் கணையக் குழாய் அழுத்தத்தில் வீங்கி கணைய அழற்சி வரக்கூடும் என்ற அச்சம் உண்டு. 2003இல் துருக்கியின் எர்சோஸ் குழு இரண்டையும் இணைத்தது: முதலில் வெட்டு, பிறகு 12 முதல் 20 மி.மீ. வரையுள்ள பெரிய பலூன். இப்போது சிறிய அளவே வெட்டுகிறார்கள். அந்த வெட்டு, விரிவை நாளத்தின் பக்கமாகத் திருப்புகிறது.

திரையில் பார்த்தால் இதன் நுணுக்கம் புரியும். சாயம் கலந்த நீரால் பலூனை மெல்ல மெல்ல ஊதுவார்கள். தசை இறுகிய இடத்தில் பலூனின் நடுவே இடுப்புப்போல ஒரு சுருக்கம் தெரியும். அழுத்தம் ஏற ஏற அந்த இடுப்பு கரைந்து, பலூன் நேரான உருளையாகும். அதன்பின் அரை நிமிடம், ஒரு நிமிடம் பிடித்துவைத்துவிட்டு இறக்குவார்கள். அழுத்தம் கூட்டியும் இடுப்பு மறையவில்லை என்றால் அங்கே குறுக்கம் மறைந்திருக்கிறது என்று பொருள். அனுபவமுள்ளவர் அங்கேயே நிறுத்திவிடுவார். அதற்கு மேல் வற்புறுத்தினால்தான் கிழியும்.

இன்னொரு விதி: பலூனின் அளவைக் கல்லைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. கல்லுக்குக் கீழே உள்ள நாளத்தின் அகலத்தை அது தாண்டக் கூடாது. கல் 20 மி.மீ., கீழ்நாளம் 10 மி.மீ. என்றால் 20 மி.மீ. பலூனுக்கு அங்கே வேலை இல்லை. கல்லைத்தான் உடைக்க வேண்டும்.

கல்லை உள்ளேயே நசுக்குவது எப்படி?

பழைய முறை, இன்றும் பயனுள்ள முறை: கெட்டியான கம்பிக்கூடையால் கல்லைப் பிடித்து, வெளியிலிருந்து கைப்பிடியைத் திருகி, உலோக உறைக்கு எதிராக இறுக்குவது. கல் நொறுங்கும். இதை மெக்கானிக்கல் லித்தோட்ரிப்சி என்பார்கள். பெரும்பாலான கற்களில் பலிக்கிறது. ஆனால் ஒரு முன்நிபந்தனை உண்டு. கூடை கல்லைச் சுற்றி விரிய வேண்டும். இறுகிச் சிக்கிய கல்லிலும், 30 மி.மீ.யை எட்டும் கல்லிலும் இது தோற்பதற்கு அதுவே காரணம்.

கூடை கல்லோடு மாட்டிக்கொள்ளும் என்று கேள்விப்பட்டோமே?

அரிதாக நடக்கும். கல்லைப் பிடித்த கூடையால் அதை நசுக்கவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது என்ற நிலை. அதற்கென்றே மீட்புக் கருவி இருக்கிறது. கூடையின் கைப்பிடியை வெட்டிவிட்டு, எண்டோஸ்கோப்பை வெளியே எடுத்து, கம்பியின் மேலாக உலோக உறையைச் செலுத்தி நசுக்குவார்கள். சோகேந்திரா லித்தோட்ரிப்டர் என்று அதற்குப் பெயர். பெரிய கல்லுக்குப் போகும்போது இது அறையில் தயாராக இருக்க வேண்டும். தேவைப்பட்ட பிறகு தேடிக்கொண்டிருக்க முடியாது.

லேசர் என்கிறார்களே, அது என்ன?

ஈஆர்சிபி எண்டோஸ்கோப்பின் உள்வழியாகவே சுமார் 3.5 மி.மீ. பருமனுள்ள இன்னொரு சிறு எண்டோஸ்கோப்பைப் பித்தநாளத்துக்குள் செலுத்துகிறார்கள். இதற்குக் கொலாஞ்சியோஸ்கோபி என்று பெயர். எக்ஸ்ரே நிழலைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. கல்லையே நேரில் பார்க்கலாம். அதன் வழியாக ஒரு லேசர் இழையையோ மின்பொறி தரும் கம்பியையோ கல்லருகே கொண்டுபோவார்கள்.

இரண்டும் உப்புநீருக்குள்தான் வேலை செய்யும். மின்பொறி முறையில், கம்பி நுனியில் தோன்றும் பொறி நீரில் அதிர்வலையை எழுப்பி, அந்த அலை கல்லை விரிசல் விட வைக்கிறது. லேசர் முறையில் பெரும்பாலும் ஹோல்மியம் லேசர். அதன் ஆற்றல் கல்லின் பரப்பில் குவிந்து பிளக்கிறது. நுனி கல்லை நோக்கியே இருக்க வேண்டும். சுவர் மீது பட்டால் காயமாகும், துளையும் விழலாம். அதனால்தான் கண்ணால் பார்த்துக்கொண்டே சுடுவது இங்கே அவசியமாகிறது. ஒவ்வொரு சுடுதலுக்கும் திரை முழுக்கப் பொடி கலங்கும். உப்புநீரைச் செலுத்திக் கழுவி, மீண்டும் குறிபார்க்க வேண்டும். பெரிய கல் என்றால் இப்படியே மணிக்கணக்கில் போகும்.

வெளியான ஆய்வுகளில் வெற்றி விகிதம் பொதுவாக 90 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. சிலருக்கு இரண்டாவது அமர்வு தேவைப்படுகிறது.

அவ்வளவு நல்ல முறை என்றால் எல்லோருக்கும் நேரடியாக லேசர் செய்யக் கூடாதா?

எங்கள் கருத்தில் கூடாது. பெரிய பலூன் விரிவுக்குப் பிறகு பல பெரிய கற்கள் உடைக்காமலே முழுதாக இறங்கிவிடுகின்றன. நேரமும் செலவும் குறைவு. கொலாஞ்சியோஸ்கோபியில் நாளத்துக்குள் உப்புநீரைச் செலுத்திக்கொண்டே இருப்பதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பதும் அதனால்தான். மேலே சொன்ன ஐரோப்பிய வழிகாட்டுதலும் சிறு வெட்டோடு பெரிய பலூனை முதலிலும், அது பலிக்காதபோது லேசர் அல்லது மின்பொறியையும் வைக்கிறது.

ஆனால் குறுக்கத்துக்கு மேலே உட்கார்ந்த கல், நாளத்தை முழுதாக அடைத்து இறுகிய கல் என்று ஸ்கேனிலேயே தெரிந்தால், தோற்கும் என்று தெரிந்த முறைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதில் பொருளில்லை. அத்தகைய நோயாளியை லேசர் வசதியுள்ள மையத்துக்குத் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது.

சிறுநீரகக் கல்லைப் போல வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்க முடியாதா?

முடியும். முதலில் ஈஆர்சிபி செய்து, மூக்கு வழியாக வெளியே வரும் மெல்லிய குழாயைப் பித்தநாளத்தில் வைப்பார்கள். அதன் வழியே சாயம் செலுத்திக் கல்லைக் குறிபார்த்து அதிர்வலை கொடுப்பார்கள். பல அமர்வுகள் ஆகலாம். உடைந்த துண்டுகளை எடுக்க மறுபடியும் ஈஆர்சிபி வேண்டும். லேசர் வசதி இல்லாத, ஆனால் இந்த இயந்திரத்தில் தேர்ச்சி உள்ள மையங்களில் இது நல்ல வழி.

முதல் முறை கல்லை எடுக்க முடியவில்லை. சிகிச்சை தோற்றுவிட்டதா?

இல்லை. வீட்டார் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

அன்று அறைக்குள் போனதற்கு இரண்டு நோக்கங்கள் இருந்தன: பித்தநீர் வடிய வழி செய்வது, கல்லை எடுப்பது. உயிரைக் காப்பது முதலாவது. ஸ்டென்ட் வைத்துப் பித்தநீர் குடலுக்குள் வடியத் தொடங்கிவிட்டால் காய்ச்சல் தணியும், காமாலை இறங்கும், ஈரல் தேறும். அதன்பின் கல்லை நிதானமாகத் திட்டமிட்டு எடுக்கலாம். தொற்றோடு வந்து ரத்த அழுத்தம் சரிந்த நோயாளிக்கு, இரண்டு மணி நேரம் கல்லோடு போராடுவதைவிட, சில நிமிடங்களில் ஸ்டென்ட் வைத்துவிட்டு வெளியே வரும் மருத்துவர்தான் சரியாக முடிவெடுத்தவர்.

ஸ்டென்ட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. பேனா ரீஃபிலை ஒத்த பருமனுள்ள அந்தப் பிளாஸ்டிக் குழாய் கல்லோடு உரசிக்கொண்டே இருப்பதால், சில வாரங்களில் கல் சிறுத்துப்போவதும் உடைந்துபோவதும் உண்டு. இரண்டாவது முறை எளிதாக வந்துவிடும். எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்வதற்கில்லை.

ஸ்டென்ட் எத்தனை நாள் இருக்கலாம்?

பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்றால் 3 முதல் 6 மாதத்துக்குள் எடுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். அதற்குள் கிருமிப்படலமும் கசடும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைத்த ஸ்டென்ட் கல்லைவிட மோசமான தொற்றைக் கொடுக்கும். விட்டுவிட்டால் ஸ்டென்ட்டின் மேலேயே கல் படியும்.

இதில் சிக்கல் என்னவென்றால், ஸ்டென்ட் நன்றாக வேலை செய்கிற காலத்தில் நோயாளிக்கு ஒரு தொல்லையும் இருக்காது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று திரும்ப வரமாட்டார்கள். ஆண்டுகள் கழித்து, குளிர்க்காய்ச்சலோடும் காமாலையோடும் வரும்போதுதான் உள்ளே ஸ்டென்ட் இருப்பது தெரியவரும். மருத்துவமனை நினைவூட்டும் என்று நம்பி இருக்காதீர்கள். வெளியேறும் அறிக்கையில் ஸ்டென்ட் வைத்த தேதி, அதன் வகை, எடுக்க வேண்டிய தேதி மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் இன்னொருவரும் அந்தத் தேதியை அறிந்திருக்கட்டும்.

அம்மாவுக்கு 88 வயது, இதயமும் பலவீனம். ஸ்டென்ட்டோடே விட்டுவிடலாமா?

மிகவும் தளர்ந்தவர்களுக்கு, நீண்ட சிகிச்சையைத் தாங்க முடியாது என்று உறுதியானால், ஸ்டென்ட்டை மாற்றிக்கொண்டே காலம் தள்ளுவது ஏற்கத்தக்க வழிதான். ஆனால் வயதை மட்டும் காரணமாகக் காட்டி அந்த முடிவுக்குப் போகக் கூடாது. ஸ்டென்ட்டோடு விடப்பட்ட முதியவர்களில் கணிசமானவர்களுக்குத் தொற்று திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் அவசரமாக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. நன்கு திட்டமிட்ட ஒரே அமர்வில் கல்லை எடுத்துவிடுவது அந்த அம்மாவுக்கு அதைவிடக் குறைந்த சிரமமாகவும் இருக்கலாம். மயக்க மருந்து நிபுணரும் உடன் இருந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

என்னென்ன ஆபத்துகள்?

முதலில் கணைய அழற்சி. ஈஆர்சிபி செய்தவர்களில் ஏறக்குறைய 3 முதல் 10 சதவீதம் பேருக்கு வரலாம். பெரும்பாலும் லேசானது, சில நாளில் அடங்கும், சிலருக்குக் கடுமையாகும். தடுக்க உறுதியான வழி ஒன்று இருக்கிறது: டைக்ளோஃபினாக் அல்லது இன்டோமெதாசின் 100 மி.கி. மருந்தைச் சிகிச்சைக்குச் சற்று முன் ஆசனவாய் வழியாக வைப்பது. அந்த மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இது வழக்கமாகக் கொடுக்கப்பட வேண்டியது. “எதற்கு அங்கே மருந்து வைத்தார்கள்?” என்று முகம் சுளிப்பவர்களுக்கு இதுவே பதில்.

வெட்டிய இடத்தில் ரத்தக்கசிவு 1, 2 சதவீதம் பேருக்கு. உடனேயும் வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். பெரும்பாலும் எண்டோஸ்கோபியாலேயே நிறுத்திவிடலாம். குடலிலோ நாளத்திலோ துளை விழுவது 1 சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் தீவிரமானது. துண்டுகள் மிஞ்சிப் பித்தம் சரியாக வடியாமல் போனால் தொற்று வரலாம். உயிரிழப்பு மிக அரிது; அரிது என்பதற்காகச் சொல்லாமல் விடக் கூடாது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். என்ன செய்ய வேண்டும்?

நீங்களாக நிறுத்தாதீர்கள். நீங்களாகத் தொடரவும் வேண்டாம். ஆஸ்பிரினைப் பொதுவாக நிறுத்துவதில்லை. க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின், புதிய வகை மாத்திரைகள் ஒவ்வொன்றுக்கும் நிறுத்த வேண்டிய நாள் கணக்கு வேறு. அண்மையில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு நிறுத்துவதே ஆபத்தாகலாம். இதய மருத்துவரும் இரைப்பைக்குடல் மருத்துவரும் பேசிக்கொள்ள வேண்டும். நிறுத்த வழியே இல்லை என்றால், அன்று வெட்டாமல் ஸ்டென்ட் மட்டும் வைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம்.

காமாலை நீடித்தவர்களுக்கு வைட்டமின் கே குறைந்து ரத்தம் உறையத் தாமதமாகும். அதற்கு ஊசி போட்டுச் சரிசெய்துவிட்டே உள்ளே அழைத்துச் செல்வார்கள்.

முழு மயக்கமா?

எளிய கல்லுக்கு ஆழ்ந்த தூக்க மருந்து போதும். லேசர் போன்ற நீண்ட சிகிச்சைக்கு, உப்புநீர் நிறையச் செலுத்தப்படுவதால் அது நுரையீரலுக்குள் போகாமல் இருக்க, மூச்சுக்குழாயில் டியூப் வைத்து முழு மயக்கம் கொடுப்பதையே பலர் விரும்புகிறார்கள். திட உணவு 6 முதல் 8 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும்.

முன்பு இரைப்பை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஈஆர்சிபி செய்ய முடியுமா?

அந்த அறுவை சிகிச்சையில் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. குடலை வெட்டி மாற்றி இணைத்திருந்தால் வழக்கமான எண்டோஸ்கோப்பால் நாள வாயை எட்ட முடியாது. பலூன் உதவியோடு நகரும் நீண்ட எண்டோஸ்கோப், லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை) உதவியோடு செய்யும் ஈஆர்சிபி, விலா எலும்புகளுக்கு இடையே ஈரல் வழியாக ஊசி குத்தி மேலிருந்து இறங்கும் முறை ஆகியவை மாற்று வழிகள். பழைய அறுவை சிகிச்சை அறிக்கை உங்களிடம் இருந்தால் தவறாமல் கொண்டுபோங்கள். அந்த ஒரு தாள் மருத்துவரின் பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

கர்ப்பிணிக்குச் செய்யலாமா?

தேவை உறுதியானால் செய்யலாம். கதிர்வீச்சை மிகக் குறைத்தோ முற்றிலும் தவிர்த்தோ செய்யும் வழிகள் உள்ளன. தள்ளிப்போட முடியுமானால் நான்கு முதல் ஆறாம் மாதம் உகந்தது. கடும் தொற்று என்றால் மாதக் கணக்குப் பார்க்க முடியாது.

பித்தப்பையையும் எடுக்க வேண்டுமா? அறுவை சிகிச்சையிலேயே இரண்டையும் முடித்துவிடலாமே?

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. லேப்ராஸ்கோபியில் பித்தப்பையை எடுக்கும்போதே நாளத்தைத் திறந்து கல்லை எடுக்கத் தேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் இருந்தால், பித்தப்பை உள்ளவருக்கு அது ஈஆர்சிபிக்கு நிகரான தேர்வு. ஒரே மயக்கத்தில் எல்லாம் முடியும். அந்தத் தேர்ச்சி எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

ஈஆர்சிபியில் கல்லை எடுத்தாகிவிட்டது, பித்தப்பையில் இன்னும் கல் இருக்கிறது என்றால், அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வாரத்துக்குள் முடிப்பது நல்லது. காத்திருக்கும் காலத்தில் அடுத்த கல் இறங்கிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கல்லை எடுத்தாகிவிட்டது. கண் இன்னும் மஞ்சளாக இருக்கிறதே?

மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபினின் ஒரு பகுதி ரத்தத்தில் உள்ள அல்புமின் புரதத்தோடு இறுகப் பிணைந்திருக்கும். அது கரைய அந்தப் புரதத்தின் ஆயுள் கணக்குப்படி வாரங்கள் ஆகும். ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் அளவு இறங்கிக்கொண்டே இருந்தால் போதும், கவலை வேண்டாம். நின்றுவிட்டாலோ ஏறினாலோ சொல்லுங்கள்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். பின்னாளில் வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது ‘பித்தநாளத்தில் காற்று’ என்று அறிக்கை வரக்கூடும். நாளத்தின் வாயை வெட்டித் திறந்திருப்பதால் குடல் காற்று மேலேறுகிறது, அவ்வளவுதான். முன்பு ஈஆர்சிபி செய்ததைச் சொல்லாவிட்டால் வீண் பரிசோதனைகள் நீளும்.

கல் திரும்ப வருமா?

வரலாம். நாளம் மிகவும் விரிந்தே இருப்பவர்கள், குறுக்கம் உள்ளவர்கள், பழுப்புக் கல் உள்ளவர்கள், பித்தப்பையைக் கல்லோடு விட்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். உணவை மாற்றினால் நாளக் கல் வராது என்று உறுதி சொல்ல ஆதாரம் போதாது. திரும்ப வந்தால் மீண்டும் ஈஆர்சிபிதான். நாளத்தின் வாய் ஏற்கெனவே திறந்திருப்பதால் இரண்டாவது முறை பெரும்பாலும் எளிது.

வீட்டுக்கு வந்த பிறகு எப்போது உடனே திரும்ப வேண்டும்?

உடல் நடுங்கும் காய்ச்சல், வலது மேல்வயிற்று வலி, கண்ணில் மஞ்சள். இந்த மூன்றும் சேர்ந்து வருவதை பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877இலேயே குறித்துவைத்தார். மூன்றும் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். நடுக்கத்தோடு காய்ச்சல் ஒன்றே போதும். முதியவர்களுக்குக் காய்ச்சல் தெரியாமல், திடீர்க் குழப்பமும் தளர்ச்சியுமாக மட்டும் தொற்று வரக்கூடும். அதற்குப் ‘வயசாகிவிட்டது’ என்று பொருள் கொண்டுவிடாதீர்கள். முதுகுக்குப் பரவும் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கறுத்த மலம், ரத்த வாந்தி ஆகியவையும் இதே பட்டியலில் சேரும். இரவானாலும் கிளம்புங்கள். ஈஆர்சிபி அறிக்கை கையில் இருக்கட்டும். அவசரப் பிரிவில் இருப்பவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, “பித்தநாளத்தில் ஸ்டென்ட் இருக்கிறது” என்பது.